அங்கீகரிக்கப்பட்ட குடை

என் மனைவியின் நோட்டுப் புத்தகத்துக்கு ஒப்புதல் எண் கிடையாது என்பது, அவள் இறந்த அறுபத்து மூன்றாம் நாள் எனக்குத் தெரிய வந்தது. அதுவரை அதை ஒரு நோட்டுப் புத்தகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது ‘தரநிர்ணயம் செய்யப்படாத வாசிப்புத் துணைக்கருவி’ என்று ஓர் இளம்பெண் எனக்கு விளக்கினாள்.

பட்டு தில்லியில் ஒரு பள்ளியில் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். நான் ஓய்வு பெற்றதும் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு இருவரும் தில்லியின் ஓரத்தில் உள்ள துவாரகாவுக்கு வந்தோம். எங்கள் சொசைட்டியில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், பதினெட்டுத் தமிழ்க் குடும்பங்கள். குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசும். சண்டை வந்தால் ஹிந்திக்குப் போய்விடும். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தைகளும் உண்டு. ஆனால் ஒரு பத்தியைத் தடங்கல் இல்லாமல் படித்து முடித்த பிறகு, “யார் போனா? எங்கே போனா?” என்று கேட்டால் கூரையைப் பார்க்கும். வாயில் நுழைந்தது தலைக்குள் போயிருக்காது.

இவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் சொசைட்டி ஹாலில் பட்டு வகுப்பு எடுத்தாள். அதற்காக எழுதியதுதான் அந்த நோட்டு. கெட்டி அட்டை போட்ட நீள ரெஜிஸ்டர். நான் ஆபீஸிலிருந்து கொண்டு வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். கரோல் பாகில் வாங்கியது. அதில் இருபத்து நான்கு பாடங்கள். எல்லாம் அவளே எழுதியவை. எல்லாம் இந்த ஊரில் நடப்பவை. மெட்ரோவில் தொலைந்த செருப்பு, ஜனவரி மூடுபனியில் வீட்டைத் தாண்டிப் போய்விட்ட பால்காரர், மொட்டை மாடியில் அப்பளம் காயப்போட்டுக் குரங்கோடு பேரம் பேசும் மாமி.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு படம் இருந்தது. ஆனால் முழுப் படம் அல்ல. பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திகைத்து நிற்பார்; அவர் எதைப் பார்த்துத் திகைத்தார் என்பது இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். பாடத்தைப் படித்துவிட்டுக் குழந்தை தனித் தாளில் அதை வரைய வேண்டும். படிக்காமல் வரைய முடியாது. வரைந்ததைப் பார்த்தாலே எந்த வரி புரியவில்லை என்பது பட்டுவுக்குத் தெரிந்துவிடும். ஓரத்தில் கடினமான சொற்களுக்குக் குறிப்பு எழுதியிருப்பாள். ‘புழுக்கம்’ என்ற சொல்லுக்கு எதிரே, “ஜூலை மாதம் கரண்ட் போனதும் உன் சட்டைக்குள் வருவது” என்று இருக்கும். நடுநடுவே, “இங்கே கொஞ்சம் நில். அவள் ஏன் திரும்பிப் பார்த்தாள்?” என்று ஒரு கேள்வி இருக்கும்.

நான் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்திருந்தேன். பக்கத்து பிளாக்கில் இருக்கும் அபூர்வா என்ற ஒன்பது வயதுப் பெண், முதல் பாடத்தில் பால்காரருக்கு எதிரே ஐஸ்கிரீம் வண்டி வரைந்தவள், பத்தாவது பாடத்தில் குரங்கின் கையில் அப்பளத்தோடு மாமியின் மூக்குக் கண்ணாடியையும் வரைந்து கொண்டுவந்தாள். அது பாடத்தில் கடைசி வரியில் மட்டும் வருகிறது. பட்டு அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள்.

பதினோராவது பாடத்தோடு பட்டு போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சில வாரம் கழித்து வகுப்பை ப்ரீதா எடுத்துக்கொண்டு, பழைய பாடங்களைத் திரும்ப நடத்தினாள். பக்கத்து செக்டரில் வங்கி வேலை பார்க்கும் பெண். பட்டுவின் பழைய மாணவி. நோட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய் வகுப்பு முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பாள். ஞாயிறு காலை அது போகும், மத்தியானம் வரும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அறுபத்து மூன்றாம் நாள் ஒரு ஞாயிறு. ஹாலுக்கு ஜ்யோத்ஸ்னா வந்தாள். ‘வாசிப்புத் துணைக்கருவித் தரநிர்ணய மையம்’ என்று கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது. ஜீன்ஸ், முதுகில் பை, கையில் டேப்லெட். தமிழ்ப் பெண்தான், பிறந்தது தில்லி ஜனக்புரியில்.

“அங்கிள், இதுல அப்ரூவல் நம்பர் எங்கே இருக்கு?”

“நோட்டுலயா?”

“ஹாஞ்ஜி. குழந்தைங்க படிக்கறதுக்கு ஹெல்ப் பண்ற எந்த மெட்டீரியலா இருந்தாலும் நம்பர் வேணும். இல்லேன்னா அது ஹெல்ப் பண்றதா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?”

“குழந்தைகளைக் கேட்டா தெரியுமே,” என்றாள் ப்ரீதா.

“குழந்தைங்க ஸ்டேக்ஹோல்டர், தீதி. எவாலுவேட்டர் இல்லை,” என்று ப்ரீதாவை ஹிந்தியில் அக்காவாக்கினாள் ஜ்யோத்ஸ்னா.

நோட்டைப் புரட்டினாள். படங்களை மட்டும் பார்த்தாள். கண்கள் விரிந்தன. “வாவ். ஹேண்ட்மேட்! அங்கிள், இதை நாங்க எடுத்துட்டுப் போய் அப்ரூவ் பண்ணித் தரோம். ரெண்டு வாரம், மேக்ஸிமம்.”

அபூர்வா எழுந்தாள். “தீதி, நான் பன்னெண்டாவது பாடம் இன்னும் படிக்கலை.”

“பேட்டா, உனக்கு கலர்ல வரும்.”

“கலர் வேண்டாம். பாடம்தான் வேணும்.”

“ஸோ க்யூட்,” என்று அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஜ்யோத்ஸ்னா எனக்கு ரசீது கொடுத்தாள். ‘துணைக்கருவி: ஒன்று. நிறம்: பழுப்பு. நிலை: நன்று.’

கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் முப்பத்தாறு வருடம் மத்திய அரசில் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். ரசீதோடு போகும் பொருள் ரசீதோடு திரும்பி வரும் என்ற நம்பிக்கை என்னை விட்டு இன்னும் போகவில்லை.

ஐந்து வாரம் கழித்து, மண்டி ஹவுஸில் இறங்கி மையத்துக்கு நடந்தேன். நாலாவது மாடி. சுவரெல்லாம் சின்னச் சின்னப் படங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வழி தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மையத்தின் கொள்கையாம். ஆகவே எந்தக் கதவிலும் எழுத்து இல்லை. ஒரு கதவில் ஆண் உருவம், பெண் உருவம், ஒரு நீர்த்துளி, ஒரு இலை, மேல்நோக்கிய அம்பு. கழிவறை என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே நான்கு பேர் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அது மனிதவளப் பிரிவு. கழிவறை எது என்று கேட்டேன். “சூரியன் போட்டிருக்கும்,” என்றார்கள்.

இயக்குநர் ஜகந்நாதன் என்னை அன்போடு வரவேற்றார். “வாங்கோ ராஜாராமன், உக்காருங்கோ. நீங்களும் நம்ம கவர்ன்மெண்ட்தானே? பையா, தோ சாய்!” என்று இரண்டு டீ சொன்னார்.

நோட்டு அவர் மேசைமேல் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் உறைக்குள். நான் கை நீட்டினேன். அவர் அதைச் சற்றே தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“மாமி பிரமாதமா ஆரம்பிச்சிருக்கா. ஆனா ஒரு படத்தைக்கூட முடிக்கலையே?”

“முடிக்காம விட்டதுதான் சார் அவளோட முறை.”

“உடம்பு முடியாம இருந்திருக்கும், பாவம்.”

“இல்லை சார். அதெல்லாம் ஏழு வருஷம் முன்னாடி வரைஞ்சது.”

“அச்சா.” அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. “ஏழு வருஷமாவா முடியாம இருந்தா?”

நான் முறையை விளக்கினேன். படிக்க வேண்டும், படித்ததை வைத்துப் படத்தை முடிக்க வேண்டும், அதில் புரிந்ததும் புரியாததும் தெரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு திறந்தார்.

“சார், நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்கோ. நான் தமிழ்ல ஒரு பக்கம் முழுசாப் படிச்சு பதினாறு வருஷமாச்சு. அதனாலதான் எனக்கு இந்தப் போஸ்ட். படிக்க முடியாதவாளோட கஷ்டம் படிக்கிறவாளுக்கு எப்படித் தெரியும்? குழந்தை பக்கத்தைத் திறக்கறது. படத்தைப் பார்க்கறது. அப்பவே அதுக்குப் புரிஞ்சுடணும். புரிஞ்சதுக்கு அப்புறமும் படிக்கச் சொல்றது டபுள் வேலை இல்லையோ?”

“படிக்காமயே புரிஞ்சா, அது என்ன புரிதல் சார்?”

“கரெக்ட்!” என்று மேசையைத் தட்டினார். “அதைத்தான் நாங்க இங்கே ஆராய்ச்சி பண்ணிண்டிருக்கோம்.”

எனக்குக் கோபம் வரவில்லை. முப்பத்தாறு வருடம் நான் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். எனக்கு எதிரே இப்படி வந்து உட்கார்ந்தவர்களின் முகங்கள்தான் ஞாபகம் வந்தன. அவர்களுக்கும் டீ வரவழைத்திருக்கிறேன்.

“நோட்டு எப்ப கிடைக்கும்?”

“நிறைவாக்கக் குழுன்னு ஒண்ணு போட்டிருக்கேன். முடிக்காத படத்தையெல்லாம் முடிக்கறதுக்கு. நீங்களும் மெம்பர். மறைந்த படைப்பாளர் தரப்பு.”

குழு மூன்று முறை கூடியது. மூன்று முறையும் நான் போனேன், மேசைமேல் இருக்கும் நோட்டைப் பார்க்கலாம் என்பதற்காக. முதல் கூட்டத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் விளக்கவரி இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. விளக்கவரியைப் படிக்கத் தெரியாத குழந்தை என்ன செய்யும் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஆகவே விளக்கவரிக்குப் பக்கத்தில் அதை விளக்க ஒரு சிறு படம். அந்தச் சிறு படம் புரியாவிட்டால்? அதற்கு ஒரு விளக்கவரி. இப்படியே மதியச் சாப்பாடு வரை போயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு, இப்போதைக்கு மூன்று நிலைகளோடு நிறுத்திக்கொள்வது, நான்காம் நிலையை அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். ஐந்தாண்டுத் திட்டங்கள் நிறுத்தப்பட்டுப் பல வருடம் ஆயிற்றே என்று நான் சொன்னேன். அது குறிப்பில் ஏறவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் ஓரக் குறிப்புகளைப் பார்த்தார்கள். சட்டைக்குள் என்பது கண்ணியக் குறைவு என்று கருதி, ‘புழுக்கம்’ என்பதற்கு எதிரே ‘வெப்ப ஈரப்பதம்சார் அசௌகரிய நிலை’ என்று மாற்றினார்கள். “இங்கே கொஞ்சம் நில்” என்பவை மொத்தமும் நீக்கப்பட்டன. வாசிப்பு வேகம் நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று மையத்துக்கு ஓர் இலக்கு இருந்தது. நின்று யோசிக்கும் குழந்தைகள் அந்த இலக்கைக் கெடுக்கிறார்கள்.

மூன்றாவது கூட்டத்தில் படங்களை முடிக்கும் ஓவியரை அறிமுகப்படுத்தினார்கள். ஆல்பர்ட், தூத்துக்குடிக்காரர், ஒப்பந்த வேலை. நோட்டின் படங்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் அவர் காலி இடங்களை நிரப்புகிறார். வெளியே தாழ்வாரத்தில் அவரைப் பிடித்தேன்.

“தம்பி, பாடத்தைப் படிச்சுட்டுத்தானே வரையறீங்க?”

“பாடமா? எங்கிட்ட படம் மட்டும்தான் சார் குடுத்தாவ. பாடத்தைப் பாத்தா என் மனசு ஒரு பக்கமாச் சாஞ்சிருமாம். பாரபட்சம் வந்திரும்னு ரூலு.”

“அப்ப எதை வெச்சு நிரப்பறீங்க?”

“லிஸ்டு இருக்குல்லா.” போனில் காட்டினார். அங்கீகரிக்கப்பட்ட பொருள்கள், நாற்பது. பந்து, குடை, வாழைப்பழம், மரம், மேகம், பலூன்… “கூரான சாமான் கூடாது, தீ கூடாது, சாமி கூடாது, சாப்பாட்டுல பழம் மட்டும். எங்க எது பொருந்துதோ போட்டுருவேன். நானும் தமிழ் படிச்சவன்தான் சார். கேட்டுப் பாத்தேன். ‘நீ ஆர்ட்டிஸ்டா ரீடரா’ன்னாவ.” போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “ஆனா ஒண்ணு சொல்லுதேன். அந்த நோட்டுல நான் கை வைக்கல. அம்மா கோடு நல்லா இருக்கு. எடுத்திட்டுப் போயிருங்க சார், எப்படியாவது.”

எப்படியாவது என்பதற்கு நான் இரண்டு மனு கொடுத்தேன். இரண்டுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு கடிகாரத்தின் படம் பதிலாக வந்தது. அபூர்வா ஞாயிறுதோறும் காலையில் வந்து மணி அடிப்பாள். “வந்துடுத்தா தாத்தா?” இல்லை என்பேன். “இன்னும் பதிமூணு பாடம் இருக்கு,” என்று எனக்குத் தெரியாததைப் போலச் சொல்லிவிட்டுப் போவாள்.

நவம்பரில் வெளியீட்டு விழா. பல வட்டாரங்களிலிருந்து முப்பது குழந்தைகளைப் பேருந்தில் கூட்டிவந்து செயல்விளக்கம் காட்டினார்கள். எங்கள் வகுப்பிலிருந்து அபூர்வாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் பன்னிரண்டாம் பாடம் என்றதும் சந்தோஷமாகக் கிளம்பினாள். ப்ரீதாவும் நானும் பின்வரிசையில் உட்கார்ந்தோம்.

பன்னிரண்டாம் பாடம் எனக்கு நன்றாகத் தெரியும். பட்டு அதை எழுதிய அன்று உரக்கப் படித்துக்காட்டினாள். கரோல் பாக் மெட்ரோவில் ஒரு பெண்மணி பையை எக்ஸ்ரே பெல்ட்டில் வைக்கிறாள். திரையைப் பார்த்த பெண் காவலர் துள்ளி எழுகிறார். பைக்குள் இருப்பது அரிவாள்மணை, ஊரிலிருந்து வந்தது. “ஏ க்யா ஹை?”, இது என்ன, என்கிறார் காவலர். பெண்மணி அங்கேயே தரையில் உட்கார்ந்து, எப்படிக் காலால் பலகையை அழுத்திக்கொண்டு வெண்டைக்காய் நறுக்குவது என்று வெறுங்கையால் செய்துகாட்டுகிறாள். பின்னால் வரிசை நீள்கிறது. கடைசியில் காவலர் கேட்கிறார்: “எங்கம்மாவுக்கு முழங்கால் வலி. அவங்களால முடியுமா?” படத்தில் காவலரின் விரிந்த கண்கள் இருக்கும். எக்ஸ்ரே திரை காலி.

மேடையில் பெரிய திரையில் படம் வந்தது. வண்ணத்தில். காவலர் கண்ணை விரித்துப் பார்த்த எக்ஸ்ரே திரைக்குள் ஒரு குடை இருந்தது. அழகான குடை, நீலமும் மஞ்சளும்.

குழந்தைகளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். கையில் இருந்த தாளில் மேலே படம், நடுவே மூன்று நிலை விளக்கங்கள், அம்புக்குறிகள், நிறத்துக்கு ஒரு பொருள் என்று ஒரு பட்டியல். பாடம் கடைசியில், பொடி எழுத்தில் இருந்தது. கேள்வி ஒன்றுதான்: ‘பெண்மணியின் பையில் இருந்தது என்ன?’ இருபத்தொன்பது குழந்தைகள் ஒரு நிமிடத்தில் எழுதிவிட்டு நிமிர்ந்தார்கள். அபூர்வா மட்டும் குனிந்தே இருந்தாள். தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோய், உதடு அசையப் படித்தாள். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி யோசித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் சிரித்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு பட்டு எழுதிய ஒன்றைப் படித்து ஒருவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

“குடை!” என்றன குழந்தைகள். அரங்கம் கைதட்டியது.

“அரிவாள்மணை,” என்றாள் அபூர்வா.

ஜ்யோத்ஸ்னா அவள் அருகில் குனிந்தாள். “பேட்டா, படத்தைப் பாரு. என்ன இருக்கு?”

“படத்துல குடை இருக்கு. பையில அரிவாள்மணை இருந்தது.”

“படத்துல இருக்கறதுதானே பையில இருந்தது?”

“இல்லை தீதி. குடையைப் பார்த்து போலீஸ் ஏன் பயப்படணும்?”

நான் எழுந்துவிட்டேன். “சார், குழந்தை சொல்றதுதான் சரி. பாடத்துல அப்படித்தான் இருக்கு. படிச்சுப் பாருங்கோ.”

ஜகந்நாதன் தாளைப் பார்த்தார். பொடி எழுத்தைப் பார்த்தார். பிறகு மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நண்பர்களே, இந்த மையத்தோட தேவை என்னன்னு இதைவிடத் தெளிவா யாரும் காட்ட முடியாது. படம் ஒண்ணு சொல்றது. பாடம் வேற ஒண்ணு சொல்றது. பாவம், குழந்தை குழம்பிப் போயிருக்கு. எதை நம்பறது? படத்துக்கு ஒப்புதல் எண் இருக்கு. பாடத்துக்கு இருக்கா?” அரங்கைச் சுற்றிப் பார்த்தார். “இல்லை. ஆகவே பாடத்தை உடனே திருத்த உத்தரவிடறேன்.”

திருத்தப்பட்ட பாடம் அடுத்த வாரம் ப்ரீதாவுக்கு வந்தது. ‘பெண்மணி தரையில் அமர்ந்து, குடையைக் காலால் அழுத்திக்கொண்டு, இதில்தான் வெண்டைக்காய் நறுக்குவேன் என்றாள்.’ கூடவே முடிவு அறிக்கையும் வந்தது. செயல்விளக்கத்தில் பங்கேற்றோர் முப்பது. பாடத்தைப் புரிந்துகொண்டோர் இருபத்தொன்பது. புரிந்துகொள்ளாதவர் ஒருவர், பெயர் அபூர்வா, வயது ஒன்பது. அவருக்குக் கூடுதல் துணைக்கருவிகள் பரிந்துரைக்கப்படுகின்றன. அறிக்கையைக் கேட்ட அபூர்வாவின் அப்பா ப்ரசன்னா, விமான நிலையத்தில் வேலை பார்ப்பவர், நெடுநேரம் சிரித்துவிட்டு, “அங்கிள், எங்க செக்யூரிட்டில சொல்றேன், இனிமே குடையை விடாதீங்கன்னு,” என்றார். அபூர்வா சிரிக்கவில்லை.

“அவங்க பதிமூணாவது பாடத்தையும் இப்படிப் பண்ணிடுவாங்களா தாத்தா?”

அன்று மத்தியானம் நான் மையத்தின் விதிமுறைகளைப் படிக்க உட்கார்ந்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அனேகமாக அதை முழுதும் படித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். எண்பத்தேழாம் பக்கத்தில் வழி இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட படத்தோடு முரண்படும் மூலப்பிரதி ‘பயனற்ற துணைக்கருவி’ ஆகும். பயனற்றவை அலமாரியில் இடத்தை அடைக்கக் கூடாது. உரியவர் படிவம் ஒன்பதில் பயனின்மைச் சான்று அளித்தால், அவரிடமே திருப்பித் தரப்படும். உரியவர் கையெழுத்து ஒன்று, பயன்படுத்திய மாணவர் கையெழுத்து ஒன்று. மாணவர் நேரில் வர வேண்டும்.

பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் அபூர்வாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஜ்யோத்ஸ்னா படிவத்தைக் கொடுத்தாள். மையத்தின் படிவங்களிலும் துணைக்கருவிகள் உண்டு. ஒவ்வொரு பத்திக்கும் எதிரே ஒரு சின்னம், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனா படம்.

என் பகுதியில் எழுதியிருந்தது: ‘என் மனைவி காலஞ்சென்ற பட்டு தயாரித்த மேற்படி நோட்டினால் எந்த மாணவருக்கும் எக்காலத்திலும் எப்பயனும் விளைந்ததில்லை என்று அறிவேன்.’ என் வாழ்நாளில் எத்தனையோ குறிப்புகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உண்மை அல்லாதவையும் அவற்றில் இருந்தன. இதற்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. பேனா படத்துக்குப் பக்கத்தில் ராஜாராமன் என்று போட்டேன்.

படிவம் அபூர்வாவிடம் போனது. “இங்கே ஸைன் பண்ணு பேட்டா, ஜல்தி. பென் போட்டிருக்கு பார்,” என்றாள் ஜ்யோத்ஸ்னா.

அபூர்வா பேனா படத்தைப் பார்க்கவில்லை. மேலே இருந்த பத்தியில் விரலை வைத்தாள். மெல்லப் படித்தாள், உதடு அசைய. “மேற்கண்ட துணைக்கருவியைப் பயன்படுத்தியதனால்… வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனில்… எனக்கு எவ்வித முன்னேற்றமும் ஏற்படவில்லை என்பதையும்… இனி ஏற்படும் என்ற எதிர்பார்ப்பும் எனக்கு இல்லை என்பதையும்…” அங்கே நின்றாள். திரும்ப முதலிலிருந்து ஒரு முறை விரலை ஓட்டினாள். பிறகு மேலே போய் என் பகுதியையும் படித்தாள்.

“தாத்தா, இது மிஸ்ஸைப் பத்திப் பொய் சொல்றது.”

“ஆமாம்மா.”

“நீங்க ஸைன் பண்ணிட்டீங்க.”

“நோட்டு வேணுமே.”

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்குவதைவிட அந்தக் கையெழுத்தைப் போட்டது சுலபமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். போகலாம், நோட்டு வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் என் பேனாவை வாங்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். பேனா படத்துக்குப் பக்கத்தில் இருந்த கோட்டில் தொடங்கி, அதன் கீழே இருந்த ‘அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற இடம் வரை, உருண்டை உருண்டையான எழுத்தில் எழுதினாள்:

‘இது பொய். பட்டு மிஸ் நோட்டு இல்லை என்றால் இந்தப் பேப்பரையே என்னால் படித்திருக்க முடியாது. எனக்கு பதிமூன்றாவது பாடம் வேண்டும். அபூர்வா.’

ஜ்யோத்ஸ்னா படிவத்தை வாங்கி டேப்லெட் பக்கத்தில் வைத்துச் சின்னங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். வீடு படம், டிக். புத்தகம் படம், டிக். பேனா படத்துக்குப் பக்கத்தில் மை இருக்கிறதா என்று பார்த்தாள். நிறையவே இருந்தது.

“இவ்வளவு லாங் ஸிக்னேச்சரா?” என்று சிரித்தாள். “ஸவுத் இண்டியன் நேம், க்யா கரேன், என்ன பண்றது. எங்கப்பா பேரும் இப்படித்தான்.” முத்திரையை எடுத்து அபூர்வா எழுதியதன் மேலேயே ஓங்கிக் குத்தினாள். கட்டைவிரல் உயர்த்திய கை. சரிபார்க்கப்பட்டது என்று பொருள்.

கையெழுத்துக்காகக் கோப்பு இயக்குநர் அறைக்குப் போயிற்று. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஜகந்நாதன் கட்டைவிரலைப் பார்த்தார், போனில் பேசிக்கொண்டே கையெழுத்திட்டார், எங்களைப் பார்த்து அன்போடு கையசைத்தார்.

அலமாரியைத் திறந்து நோட்டைக் கொடுத்தார்கள். பழுப்பு நிறம், நிலை நன்று. மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. அபூர்வா அதை மடியில் விரித்துவைத்துக்கொண்டாள். ராஜேந்திர ப்ளேஸ் வந்தபோது, தலை நிமிராமலே, “தாத்தா, ‘எச்சில்’னா என்ன?” என்றாள்.

“ஓரத்துல எழுதியிருப்பாளே,” என்றேன்.

பார்த்தாள். “ஓ,” என்றாள். மீதியைப் படிக்கத் தொடங்கினாள்.

படிவம் ஒன்பது அங்கேயே இருக்கிறது. விதிமுறைகளின் நூற்று நான்காம் பக்கத்தின்படி, பயனின்மைச் சான்றுகள் நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டிய வகையைச் சேர்ந்தவை. பட்டுவைப் பற்றி அந்தக் கட்டடத்தில் உள்ள உண்மையான காகிதம் அது ஒன்றுதான். யாரும் அதைப் படிக்கப் போவதில்லை. ஆகவே பத்திரமாக இருக்கும்.